மவுஸ் உணர்திறன்: சுடும் விளையாட்டுகளில் ஓர் எண்ணின் வரலாறு

கணினியில் ஆடப்படும் போட்டிச் சுடும் விளையாட்டுகளில், மேசைமேல் மவுஸை எவ்வளவு தூரம் நகர்த்தினால் திரையில் பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிக்கும் அளவே மவுஸ் உணர்திறன் ஆகும். ஆட்டக்காரர்கள் இதைச் சுருக்கமாக 'சென்ஸ்' என்பார்கள். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் இது ஒரு சிறிய எண்ணாகத்தான் தெரியும். ஆனால் அந்த எண்ணை மாற்றிவிட்டால், பல மாதங்கள் ஆடிக் கைக்குப் பழகிய அசைவுகள் ஒரே நொடியில் பொருந்தாமல் போகும். புதிதாக ஆட வருபவர் கேட்கும் முதல் கேள்வியும், பத்தாண்டு ஆடியவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் ஒன்றுதான்: எந்த எண்ணை வைப்பது? இதற்கு இன்று சொல்லப்படும் பதில்களில் பல, பழைய மவுஸ்களின் குறைகளிலிருந்து பிறந்தவை. குறைகள் தீர்ந்துவிட்டன, பதில்கள் மட்டும் தங்கிவிட்டன.

விசைப்பலகையில் குறிபார்த்த காலம்

மவுஸின் முதல் மாதிரியை 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் எண்ணப்படி பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் மரத்தில் செய்து கொடுத்தார். 1968 டிசம்பரில் அது பொதுமக்கள் முன் காட்டப்பட்டது. பின்னர் ஜெராக்ஸ் ஆய்வகத்துக்குச் சென்ற இதே இங்கிலிஷ், ஸ்டூவர்ட் கார்ட், பெட்டி பர் ஆகியோருடன் சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். திரையில் ஓர் இடத்தைத் தொட மவுஸ், ஜாய்ஸ்டிக், இரண்டு வகை விசைகள் ஆகியவற்றில் எது விரைவானது என்பதே ஆய்வின் கேள்வி. மவுஸே விரைவிலும் பிழைக் குறைவிலும் முந்தியது.

இந்த முடிவு வந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகும் சுடும் விளையாட்டுகளை ஆடியவர்களில் பலர் மவுஸைத் தொடவில்லை என்பது வியப்பானது. 1992இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி, 1993 டிசம்பரில் வந்த டூம் ஆகிய இரண்டிலும் அம்புக்குறி விசைகளால் திரும்பிச் சுடுவதே பரவலான பழக்கமாக இருந்தது. டூம் விளையாட்டில் மேலே கீழே பார்க்கவே முடியாது. எதிரி மாடியில் நின்றாலும் அவன் நிற்கும் திசைக்குத் திரும்பினால் போதும், உயரத்தை விளையாட்டே பார்த்துக்கொள்ளும். மவுஸைப் பயன்படுத்தலாம் என்றாலும், அதை முன்னால் தள்ளினால் பார்வை உயராது, ஆளே முன்னால் நடப்பான். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் உணர்திறனைப் பற்றி நுணுக்கமாக யோசிக்கக் காரணமே இல்லை.

1994இல் மெக்கிண்டாஷ் கணினிகளுக்கு வந்த மாரத்தான், 1995இல் வந்த தி டெர்மினேட்டர்: ஃபியூச்சர் ஷாக் ஆகியவை மவுஸால் நாற்புறமும் பார்க்கும் வசதியைத் தந்தன. ஆனாலும் அந்த வழக்கத்தைப் போட்டிக் களத்தில் நிலைநிறுத்தியது 1996 ஜூனில் இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக்தான். அதில்கூட மவுஸால் பார்க்கும் வசதி தானாக இயங்காது. ஆட்டக்காரர் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்து அதை இயக்க வேண்டும். குவேக்கில் எதிரிகள் தலைக்கு மேலே பறந்தார்கள், காலுக்குக் கீழே விழுந்தார்கள். விசைகளால் குறிபார்த்தவர்களுக்கு அந்த வேகத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை.

அக்கால ஆட்டக்காரர்களில் 'திரெஷ்' என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் முதன்மையானவர். விசைப்பலகையில் தொடங்கிய அவர், மவுஸுக்கு மாறிய பிறகே யாரும் நெருங்க முடியாதவர் ஆனார். 1997இல் அட்லாண்டாவில் நடந்த குவேக் இறுதிப் போட்டியில் வென்று, குவேக்கின் நிரலாளர் ஜான் கார்மாக்கின் ஃபெராரி 328 காரைப் பரிசாகப் பெற்றார். ஒரு விளையாட்டுப் போட்டிக்குச் சொந்தக் காரையே பரிசாகக் கொடுத்த செய்தி அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அந்தக் காரைவிட நீண்ட நாள் ஓடியது, வலக்கையில் மவுஸும் இடக்கையில் நான்கு எழுத்து விசைகளும் என்ற அவருடைய ஏற்பாடுதான்.

0.022 என்ற மரபு

ஒரு மவுஸ் நகரும்போது கணினிக்கு அனுப்புவது தூரத்தை அல்ல, எண்ணிக்கையை. சிறிதளவு நகர்ந்தால் ஓர் எண்ணிக்கை, இன்னும் சிறிது நகர்ந்தால் மற்றோர் எண்ணிக்கை. மிக்கி மவுஸின் நினைவாக நிரலாளர்கள் இந்த எண்ணிக்கைக்கு 'மிக்கி' என்று பெயர் வைத்தார்கள். ஓர் அங்குலத்தில் ஒரு மவுஸ் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறதோ அதுவே அதன் டிபிஐ. அச்சுத் தொழிலிலிருந்து இரவல் வாங்கப்பட்ட இந்தச் சொல்லைவிட 'சிபிஐ' என்பதே சரி என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால் புரியாது.

வந்து சேரும் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வையை எத்தனை பாகை திருப்புவது என்பதை விளையாட்டு முடிவு செய்ய வேண்டும். குவேக்கில் அதற்கு 0.022 பாகை என்று வைக்கப்பட்டது. ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் உணர்திறன் எண் இதைப் பெருக்கும். தொடக்க உணர்திறன் 3 என்று இருந்ததால், ஓர் எண்ணிக்கைக்கு 0.066 பாகை திரும்பும்.

இந்த 0.022 எங்கெல்லாம் போயிற்று என்பதைப் பார்த்தால், விளையாட்டு நிரல்களின் குடிவழியே தெரிந்துவிடும். குவேக்கின் நிரலை வாங்கி மாற்றியமைத்து வால்வ் நிறுவனம் 1998இல் ஹாஃப்-லைஃப் செய்தது. அதன்மேல் கட்டப்பட்டது கவுண்டர்-ஸ்ட்ரைக். அங்கிருந்து 2012இன் குளோபல் ஆஃபென்சிவ், 2023இன் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வரை அதே 0.022 தொடர்கிறது. குவேக்கின் வேறொரு கிளையிலிருந்து வளர்ந்த கால் ஆஃப் டியூட்டியின் முந்தைய பதிப்புகளிலும், வால்வின் நிரலிலிருந்து வளர்ந்த ஏபெக்ஸ் லெஜன்ட்ஸிலும் அது இருக்கிறது. இதனால்தான் இவற்றில் ஒன்றில் பழகியவர் அதே உணர்திறன் எண்ணை மற்றொன்றில் வைத்து உடனே ஆட முடிகிறது. தனிவழியில் பிறந்த ஓவர்வாட்ச் 0.0066 என்றும், வேலரன்ட் 0.07 என்றும் வேறு அளவுகளை வைத்துக்கொண்டன. கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலிருந்து வேலரன்டுக்குப் போகிறவர்கள் தங்கள் எண்ணை 3.18ஆல் வகுப்பது இதனால்தான்.

பந்தும் ஒளியும்

1990களின் மவுஸ்களுக்குள் ரப்பர் பூசிய ஒரு பந்து இருந்தது. அது உருண்டு இரண்டு சிறிய உருளைகளைச் சுழற்றும். மேசையின் அழுக்கெல்லாம் அந்த உருளைகளில் திரண்டு ஒட்டிக்கொள்ளும்; பழைய பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு நகத்தால் அதைச் சுரண்டிய நினைவு இருக்கும். அழுக்கு சேரச் சேர அசைவு தடுக்கும். வேகமாக இழுத்தால் பந்து உருளாமல் வழுக்கும். உணர்திறனை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருந்தது. 1999இல் வந்த ரேசரின் பூம்ஸ்லாங், விளையாட்டுக்கென்றே விற்கப்பட்ட பந்து மவுஸ். அதன் உயர்ந்த மாதிரி 2000 டிபிஐ என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அன்றைய மவுஸ்களோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய எண் இது.

அதே 1999இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் எக்ஸ்புளோரர் பந்தையே ஒழித்தது. அடியில் இருந்த சிறு கேமரா நொடிக்கு 1500 முறை மேசைப் பரப்பைப் படம் பிடித்தது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டது. சுரண்ட வேண்டிய அழுக்கு இல்லை. ஆனால் புதிய குறை ஒன்று வந்தது. மவுஸை மிக வேகமாக வீசினால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பொதுவான பகுதியே இல்லாமல் போகும். உணரி வழிதவறிவிடும். பின்னால் வந்த எதிரியை நோக்கித் திரும்ப நினைத்தவர், திடீரென்று தரையையோ வானத்தையோ பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். இதனால் தோற்ற சுற்றுகளுக்குக் கணக்கில்லை.

இக்காலத்தின் பெயர்பெற்ற ஒளி மவுஸ்கள் பெரும்பாலும் 400 டிபிஐ கொண்டவை. அது யாரும் தேர்ந்தெடுத்த எண் அல்ல. உணரியின் இயல்பு அதுவாக இருந்தது. 2005இல் லாஜிடெக்கின் எம்எக்ஸ் 518 பொத்தான்களால் 400, 800, 1600 என்று மாற்றும் வசதியைத் தந்தபோது, பலர் 400ஐயே வைத்துக்கொண்டார்கள். கை ஏற்கெனவே அதில் பழகிவிட்டிருந்தது. பிறகு வந்தவர்கள் அவர்களைப் பார்த்து 400 வைத்தார்கள். இன்றைய மவுஸ்களின் பெட்டிமேல் 20,000க்கும் மேற்பட்ட டிபிஐ அச்சிடப்படுகிறது. அதே மவுஸை வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் 400 அல்லது 800இல் வைத்து ஆடுகிறார்கள். விளம்பரத்தில் வரும் எண் எவ்வளவு வெறுமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

குறைந்த உணர்திறன் பரவியது எப்படி

கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் முதல் சோதனைப் பதிப்பு 1999இலும், முழுப் பதிப்பு 2000இலும் வந்தன. குவேக்கைவிட இது மெதுவான ஆட்டம். ஆட்டக்காரர் ஒரு மூலையைப் பார்த்துக் காத்திருப்பார். எதிரியின் தலை தெரியும் உயரத்தில் கிராஸ்ஹேரை முன்கூட்டியே நிறுத்தி வைப்பார். தலையில் பாயும் ஒரு குண்டு பெரும்பாலும் போதுமானது. சுழன்று திரும்ப வேண்டிய தேவை குறைவு; இரண்டு மூன்று பாகை மட்டும் நகர்த்தித் துல்லியமாக நிறுத்த வேண்டிய தேவை அதிகம். எனவே உணர்திறன் இறங்கியது. மணிக்கட்டால் ஆடியவர்கள் முழங்கையையும் தோளையும் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

திரையின் வரம்பும் இதற்குத் துணை நின்றது. 1024 புள்ளிகள் அகலமுள்ள திரையில் 90 பாகைக் காட்சி தெரிந்தால், நடுவிலுள்ள ஒரு புள்ளி சுமார் 0.11 பாகைக்குச் சமம். உணர்திறன் 3 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 0.066 பாகை, அதாவது ஒரு புள்ளிக்குள் அடங்கும். உணர்திறன் 8 என்றால் 0.176 பாகை, கிராஸ்ஹேர் புள்ளிகளைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும். தொலைவில் தெரியும் தலை இரண்டு மூன்று புள்ளி அகலமே இருக்கும்போது இந்தக் குதிப்பு கண்ணுக்கே தெரியும். டிபிஐயை உயர்த்தி உணர்திறன் எண்ணைக் குறைத்தால் குதிப்பு நீங்கிவிடும். அன்று 400 டிபிஐ மவுஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி இல்லாததால் மொத்த வேகத்தையே குறைத்தார்கள்.

கையை வீசி ஆட இடம் வேண்டும். மவுஸ் அடியில் போடும் பேட் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. இன்று ஸ்டீல்சீரிஸ் எனப்படும் டென்மார்க் நிறுவனம் 2001இல் முதலில் விற்றது ஐஸ்மேட் என்ற கண்ணாடிப் பேட். பின்னர் அதன் துணிப் பேட்களில் 45 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் கொண்ட பெரிய அளவு போட்டி மேசைகளில் வழக்கமாகிவிட்டது.

விண்டோஸின் குறுக்கீடு

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு தேர்வு தானாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. மவுஸை மெதுவாக நகர்த்தினால் குறைவாகவும், வேகமாக நகர்த்தினால் விகிதத்துக்கு மீறி அதிகமாகவும் அது நகர்த்தும். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு இது வசதி. சுடும் விளையாட்டில், ஒரே தூரம் கையை நகர்த்தியும் வேகத்தைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கிராஸ்ஹேர் நிற்கும். பலர் இது இயங்குவது தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் ஆடி, குறை தம் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

தெரிந்தவர்கள் அதை அணைத்தார்கள். வேகத்தைத் தீர்மானிக்கும் 11 படிகளில் நடுவிலுள்ள ஆறாவதில் வைத்தால்தான் எண்ணிக்கைகள் மாறாமல் போய்ச் சேரும் என்ற அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. பின்னர் விளையாட்டுகளே விண்டோஸின் கணக்கைத் தாண்டி மவுஸிடமிருந்து நேராக எண்ணிக்கைகளைப் பெறும் முறைக்கு மாறின. இதற்கிடையே குவேக் ஆட்டக்காரர்களில் ஒரு சாரார், இதே முடுக்கத்தைத் தாங்களே அளந்து வைத்துக்கொண்டு விரும்பி ஆடினார்கள். மெதுவாக நகர்த்திக் குறிபார்க்கவும் வேகமாக வீசித் திரும்பவும் அது உதவியது. முடுக்கம் இருப்பது தவறல்ல. இருப்பது தெரியாமல் இருப்பதே தொல்லை.

சென்டிமீட்டரில் ஒரு சுற்று

'நான் 2 வைத்திருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. எந்த டிபிஐயில் 2, எந்த விளையாட்டில் 2 என்று தெரிய வேண்டும். டிபிஐயையும் உணர்திறனையும் பெருக்கிச் சொல்வது முதல் தீர்வு. 400இல் 2, 800இல் 1 ஆகிய இரண்டும் 800தான். ஆனால் இது ஒரே அளவுள்ள விளையாட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் அளவாகப் பின்னர் நிலைத்தது, முழு 360 பாகை திரும்ப மவுஸ் கடக்கும் தூரம்.

கணக்கு எளிது. டிபிஐ, உணர்திறன், விளையாட்டின் பாகை அளவு மூன்றையும் பெருக்கினால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாகை என்று கிடைக்கும். 360ஐ அதனால் வகுத்து 2.54ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் 400 டிபிஐ, உணர்திறன் 2 என்றால் அங்குலத்துக்கு 17.6 பாகை; ஒரு சுற்றுக்குச் சுமார் 52 செ.மீ. ஓர் அடி அளவுகோல் இருந்தால் வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஓவர்வாட்சில் இதே 52 செ.மீ. வேண்டுமானால் 6.67 என்றும், வேலரன்டில் 0.629 என்றும் வைக்க வேண்டும். எண்கள் மாறும், கை நகரும் தூரம் மாறாது.

தொலைநோக்கித் துப்பாக்கியில் கண் வைக்கும்போது காட்சி பெரிதாகிவிடுவதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதற்கெனத் தனி விகிதங்கள் உண்டு. ஆறு தசம இடங்கள் வரை அவற்றை எழுதி வைத்து ஆடுபவர்களும் உண்டு. மனிதக் கை அந்த ஆறாவது இலக்கத்தை உணருமா என்பது வேறு கதை.

எந்த எண்?

உணர்திறனின் இழுபறியை விளக்கும் அறிவியல் மவுஸைவிடப் பழையது. ராபர்ட் வுட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் 1899இல், குறிநோக்கிச் செல்லும் கை அசைவில் இரண்டு கட்டங்கள் இருப்பதைக் காட்டினார். முதலில் கை இலக்கின் பக்கம் ஒரே வீச்சாகப் போகிறது. பிறகு கண் பார்த்துத் திருத்தத் திருத்த நெருங்கி நிற்கிறது. 1954இல் பால் ஃபிட்ஸ், இலக்கு தூரமாகவும் சிறியதாகவும் இருக்க இருக்க நேரம் எப்படிக் கூடுகிறது என்பதைச் சூத்திரமாக்கினார். உணர்திறன் அதிகமானால் முதல் வீச்சு எளிதாகிறது, திருத்தம் கடினமாகிறது. குறைந்தால் திருத்தம் எளிதாகிறது, வீச்சுக்குக் கை நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒருசேரச் சிறப்பாக்கும் எண் கிடையாது. எந்த ஆட்டம், எந்தத் துப்பாக்கி, எவ்வளவு பெரிய மேசை என்பதைப் பொறுத்து எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே தேர்வு.

முன்னணி ஆட்டக்காரர்களின் எண்களும் இதையே காட்டுகின்றன. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் தலைசிறந்தவர்கள் என்று எண்ணப்படும் இருவரில், உக்ரைனின் 'சிம்பிள்' நெடுநாள் வைத்திருந்தது 400 டிபிஐயில் 3.09; பிரான்சின் 'சைவூ' வைத்திருந்தது 400 டிபிஐயில் 2. ஒருவருக்கு ஒரு சுற்று சுமார் 34 செ.மீ., மற்றவருக்கு 52 செ.மீ. ஒன்றரை மடங்கு வேறுபாடு. சிம்பிளின் அளவு, 400 டிபிஐ மவுஸில் குவேக்கின் தொடக்க உணர்திறனான 3க்கு மிக அருகில் இருப்பது தற்செயல்தான் என்றாலும் சுவையானது. இவர்களில் ஒருவரின் எண்ணை எடுத்து வைத்துக்கொள்வதால் அவருடைய கை வந்துவிடாது.

பயன்படக்கூடிய வழி எளிமையானது. கவுண்டர்-ஸ்ட்ரைக், வேலரன்ட் ஆடுபவர் 40 முதல் 60 செ.மீ.க்குள் ஓரிடத்தில் தொடங்கலாம்; வேகமான ஆட்டங்களுக்கு 25 முதல் 40 செ.மீ. பேட்டின் நடுவிலிருந்து ஒரு பக்க விளிம்பு வரை இழுத்தால் 180 பாகை திரும்ப முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் பின்னால் வருபவன் எப்போதும் வெல்வான். பிறகு சுடும்போது கிராஸ்ஹேர் இலக்கைத் தாண்டிப் போகிறதா, இலக்குக்கு முன்பே நின்றுவிடுகிறதா என்று கவனிக்க வேண்டும். பெரும்பாலும் தாண்டினால் சற்றுக் குறைப்பது, எட்டாமல் நின்றால் சற்றுக் கூட்டுவது. ஒரு மாற்றத்துக்குப் பின் சில வாரங்களாவது அதில் ஆட வேண்டும். ஒரு தோல்விக்கு ஒரு முறை எண்ணை மாற்றுபவர் எந்த எண்ணையும் சோதித்ததாக ஆகாது.

உடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2016இல் ஸ்வீடனின் 'ஓலோஃப்மைஸ்டர்', ஸ்லோவாக்கியாவின் 'கார்டியன்' ஆகிய முன்னணி ஆட்டக்காரர்கள் இருவர் கை, மணிக்கட்டுக் காயங்களால் அவதிப்பட்டது செய்தியானது. நாள்முழுதும் பயிற்சி செய்பவரின் மூட்டுகள் தேய்மானம் கொள்ளும் என்பது அப்போதுதான் ரசிகர்கள் பலருக்கு உறைத்தது. அதிக உணர்திறனில் சுமை மணிக்கட்டின் மேல் விழுகிறது. குறைந்த உணர்திறனில் தோளின் மேல். வலிக்கிற எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது தவறான எண்தான்.

2018 முதல் பரவிய கோவாக்ஸ் போன்ற குறிபார்க்கும் பயிற்சி நிரல்கள் பழைய நம்பிக்கை ஒன்றையும் அசைத்துப் பார்த்தன. ஒரே உணர்திறனில் ஆண்டுக்கணக்கில் இருந்தால்தான் கை பழகும் என்று சொல்லப்பட்டு வந்தது. இப்பயிற்சிகளில் தேர்ந்தவர்கள் சிலர், வேண்டுமென்றே நாளுக்கொரு உணர்திறனில் பயின்று, போட்டிக்கு மட்டும் தங்கள் வழக்கமான எண்ணுக்குத் திரும்புகிறார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இன் கட்டளைத் திரையைத் திறந்து பார்த்தால், அந்த எண்ணைப் பெருக்கக் காத்திருப்பது 1996இல் எழுதப்பட்ட அதே 0.022தான்.